கொக்குப் பாட்டு: ஒரு நாடகமேடைப் பாட்டின் தோற்றச் சிக்கலும் நிலைபேறும்

முன்னுரை

ஒரு பாட்டின் ஆசிரியர் யார் என்னும் வினா தமிழாய்வுக்குப் புதியதன்று. தனிப்பாடல்கள் பல ஔவையார், கம்பர், காளமேகம் ஆகியோர் பெயர்களில் வழங்கி வருகின்றன. அவற்றுள் எவை அவர்தம் பாடல்கள், எவை பிற்காலத்தார் ஏற்றியவை என்பது இன்றும் முடிவுறாத ஆய்வாகவே உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த நாடகமேடைப் பாடல்களிலும் இச்சிக்கல் தொடர்கிறது. நூறாண்டுகளுக்குள் தோன்றிய, அச்சும் இசைத்தட்டும் இருந்த காலத்துப் பாட்டுக்கும் ஆசிரியர் ஐயம் ஏற்படுவது வியப்பிற்குரியது. அவ்வியப்பிற்கான விடை அம்மேடையின் இயல்பிலேயே அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

'கொக்குப் பறக்குதடி' என்று அறியப்படும் விடுதலைப் போராட்டக் காலப் பாட்டு இங்கு ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுகிறது. இக்கட்டுரையில் இது 'கொக்குப் பாட்டு' எனச் சுட்டப்பெறும். வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனக் காட்சியில் பாடப்பட்டு, வெள்ளைக் கொக்கினைப் பற்றிப் பேசுவதுபோல் வெள்ளையர் ஆட்சியைப் பற்றிப் பேசிய பாட்டு இது. நடிகர் விசுவநாததாசின் பெயரோடு இது நாட்டார் நினைவில் ஒன்றியுள்ளது. இதனை இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ் என்பாரும் உளர். மேடையிலே பாடிப் பாடி ஆக்கியவர் விசுவநாததாசே என்பாரும் உளர். இவ்விரு கருத்துகளின் அடிப்படைகளையும், பாட்டு இன்றளவும் நிலைத்திருப்பதன் காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாட்டு பிறந்த மேடை

தமிழ் நாடக மேடைக்குச் செம்மையான வடிவம் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவர் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் உருவாக்கினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம் முதலான அவர்தம் நாடகங்கள் குழு நாடகங்களிலும், ஸ்பெஷல் நாடகம் எனப்படும் தனிமுறை நாடகங்களிலும் அடிப்படைப் பனுவல்களாயின.

ஸ்பெஷல் நாடகத்தின் இயல்பை அறிந்தாலன்றி இப்பாட்டின் தோற்றச் சிக்கல் விளங்காது. இம்முறையில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். இராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் பிறிதோர் ஊரிலிருந்தும் தனித்தனியே அமர்த்தப்படுவர். ஒத்திகை கிடையாது. கதையும் அடிப்படைப் பாடல்களும் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால் மேடையிலேயே அவர்கள் ஒன்றுகூடி நாடகத்தை நடத்திவிடுவர். ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடி அவர்களை இணைப்பார். விடிய விடிய நடக்கும் இந்நாடகத்தில் எழுதப்பட்ட பனுவல் ஒரு சட்டகமாகவே நிற்கும். அச்சட்டகத்தினுள் எதிர்ப்பாட்டு, தர்க்கம், இடைச்செருகல் பாட்டு ஆகியவற்றை நடிகர் தம் திறத்திற்கேற்ப நிரப்புவர். எந்தப் பாட்டை எந்த இடத்தில் சேர்ப்பது என்பது நடிகரின் உரிமை. கொக்குப் பாட்டு இவ்வாறு சேர்க்கப்பட்ட பாட்டே. சுவாமிகளின் பனுவலில் உள்ளதன்று.

எனவே தேசியப் பாட்டு மேடையேறுவதற்குத் தனி நாடகம் எழுத வேண்டிய தேவை எழவில்லை. புராணக் கதை நடந்துகொண்டிருக்கும்போதே அது புகுந்து வெளியேறிவிடும். 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அரசுக்கு நாடகத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தை வழங்கியிருந்தது. ஆயினும் வள்ளி திருமணத்தைத் தடைசெய்வது முருகன் கதையையே தடைசெய்வதாகிவிடும். இந்த இடைவெளியில்தான் விசுவநாததாஸ் போன்ற நடிகர்கள் இயங்கினர். கைதும் சிறையும் அவர்களுக்கு நேர்ந்தபோதும் நாடகம் மேடையில் தொடர்ந்தது. இம்மரபைச் சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இரு பெயர்கள்

பாட்டோடு தொடர்புடைய இருவரின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது.

விசுவநாததாஸ் 1886இல் சிவகாசியில் பிறந்தவர், திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மருத்துவர் குலத்தில் பிறந்த அவரோடு இணைந்து நடிக்கச் சாதியின் பெயரால் மறுத்தோரும் இருந்தனர் என்பது நாடக வரலாற்றில் பதிவான செய்தி. கதர் உடுத்து, காங்கிரஸ் கருத்துகளை மேடையிலே பாடிச் சிறை சென்றார். 1940 திசம்பர் 31 அன்று சென்னை இராயல் தியேட்டரில் வள்ளி திருமணத்தில் முருகனாக நடித்துக்கொண்டிருந்தபோதே மேடையில் உயிர்நீத்தார். முருக வேடத்தோடு மறைந்த அந்நிகழ்வு, அவர் பாடிய பாட்டுகள் அனைத்தையும் அவர் பெயரோடு பிணைத்துவிட்டது எனலாம்.

பாஸ்கரதாஸ் (1892–1952) நாகலாபுரத்தவர், இயற்பெயர் வெள்ளைச்சாமி. மதுரையில் வாழ்ந்து நாடக நடிகர்களுக்கும் இசைத்தட்டுகளுக்கும் பாடல் எழுதிக் கொடுத்தவர். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாசிலும் அவர் பாடல்கள் இடம்பெற்றன. காந்தியையும் இராட்டையையும் போற்றிய அவர்தம் பாடல் அப்படத்தில் கதைக்குத் தொடர்பின்றியே சேர்க்கப்பட்டது. மேடையின் இடைச்செருகல் மரபு திரைக்கும் சென்றதற்கு இது சான்று. நாள்தோறும் அவர் எழுதி வந்த நாட்குறிப்புகள் பின்னாளில் நூலாக வெளிவந்துள்ளன. யார் எப்போது வந்து பாட்டுக் கேட்டார், எந்த மெட்டில் எழுதப்பட்டது என்பன போன்ற செய்திகளுக்கு இத்தகைய நாட்குறிப்புகள் நாடக ஆய்வில் முதன்மைச் சான்றுகளாகும்.

ஒருவர் எழுதிக் கொடுப்பவர். மற்றவர் பாடி வாழ்விப்பவர். இருவரும் ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில், ஒரே இயக்கத்திற்காக உழைத்தவர்கள். ஆகவே பாட்டு இருவர் பெயரிலும் வழங்குவது முரண்பாடு அன்று. அக்காலப் பாட்டாக்க முறையின் நேரிய விளைவேயாகும்.

ஆசிரியர் பெயர் மறைந்த வழிகள்

நாடகப் பாட்டில் ஆசிரியர் பெயர் மங்கியதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, மெட்டு. நாடகப் பாட்டு நூல்களில் பாட்டின் தலைப்பில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்ற குறிப்பு இடம்பெறும். சிந்து, கும்மி, பார்சி மெட்டு, இந்துஸ்தானி மெட்டு எனப் பல வழிகளில் வந்த இசைக்குச் சொற்கள் எழுதப்பட்டன. ஆகவே ஒரு பாட்டின் சொல்லுக்கு ஒருவரும் இசைக்கு வேறொருவரும் உரியர். இசைக்கு உரியவர் பெரும்பாலும் பெயரறியாத முன்னோரே. 'பாட்டை ஆக்கியவர்' என்று ஒருமையில் கேட்கும்போதே வினா தவறான இடத்தில் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, அச்சு. காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிறு பாட்டுப் புத்தகங்கள் தெருமுனைகளிலும் நாடகக் கொட்டகை வாயில்களிலும் பரவின. ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'முச்சந்தி இலக்கியம்' நூலில் இவ்வெளியீட்டு உலகை ஆராய்ந்துள்ளார். புகழ்பெற்ற நடிகரின் பெயர் அட்டையில் இருந்தால் நூல் விற்கும். அரசின் தடைக்கும் வழக்கிற்கும் அஞ்சிய காலத்தில் பெயரைக் குறிப்பதைவிடக் குறிக்காதிருப்பதே ஆசிரியருக்கும் அச்சகத்தாருக்கும் பாதுகாப்பாக அமைந்தது. விற்பனையும் அச்சமும் ஒரே திசையில் தள்ளின. எழுதியவர் மறைந்து பாடியவர் முன்னின்றார்.

மூன்றாவது, இசைத்தட்டு. தட்டின் மையத்தாளில் முதன்மை பெற்றது பாடியவர் பெயரே. கிட்டப்பா (1906–1933), கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) ஆகியோரின் புகழ் தட்டுகளால் வீடுதோறும் சென்றது. கேட்டவர் நினைவில் 'கிட்டப்பா பாட்டு', 'சுந்தராம்பாள் பாட்டு' என்ற வழக்கே நிலைத்தது. பாட்டை அதன் பாடகரால் அழைக்கும் இவ்வழக்கு கொக்குப் பாட்டையும் 'விசுவநாததாஸ் பாட்டு' ஆக்கியது.

ஒப்புநோக்கு

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் இசைக்கூடங்களில் பிறந்து முதல் உலகப்போரில் படைவீரர் நடைப்பாட்டாக உலகெங்கும் பரவிய 'டிப்பரரி' பாட்டின் வரலாறு இதற்கு நல்ல இணை. அயர்லாந்து ஊரொன்றின் பெயரைத் தாங்கிய அப்பாட்டை 1912 சனவரியில் ஸ்டேலிபிரிட்ஜ் நகரில், ஐந்து ஷில்லிங் பந்தயத்திற்காக ஓரிரவில் இயற்றியதாக இசைக்கூடப் பாடகர் ஜாக் ஜட்ஜ் கூறினார். அச்சிட்ட பாட்டிலோ அவர் பெயரோடு அவருடைய நண்பர் ஹாரி வில்லியம்சின் பெயரும் உள்ளது. இருவரும் முன்னரே சேர்ந்து எழுதிய, வேறோர் ஊர்ப் பெயரைக் கொண்ட பாட்டின் மறுவடிவமே அது என்பது வில்லியம்ஸ் குடும்பத்தாரின் வாதம். ஓரிரவில் பிறந்த பாட்டு என்னும் கதை மேடைக்கு உகந்தது. பழைய பாட்டின் திருத்த வடிவம் என்னும் செய்தி ஆய்வுக்கு உகந்தது. மக்கள் முன்னதையே நினைவில் கொள்கின்றனர்.

கொக்குப் பாட்டிலும் இவ்விரு வகைக் கதைகளும் உள. காவலர் கண்முன்னே மேடையில் விசுவநாததாஸ் பாடிய துணிவைச் சொல்லும் கதைகளில் பாட்டு அந்தக் கணத்திலேயே பிறந்ததுபோல் தோன்றும். எழுதிக் கொடுத்த கவிஞருக்கு அக்கதையில் இடமில்லை. ஆனால் இரு பாட்டுகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. டிப்பரரியின் சிக்கல் உரிமைத்தொகை சார்ந்தது. அச்சிட்டவர், எழுதியவர், குடும்பத்தார் எனக் கோருவோர் இருந்தனர். கொக்குப் பாட்டை உரிமை கோருவது அன்று சிறையை உரிமை கோருவதாகும். இவ்வேறுபாடே தமிழ்ப் பாட்டின் ஆவணம் மெலிந்திருப்பதை விளக்குகிறது.

அகச்சான்று: தினைப்புனத்தில் கொக்கு

புறச்சான்றுகள் இருபாலும் நிற்குமிடத்து அகச்சான்றை நாடுதல் முறை. இப்பாட்டில் அத்தகைய சான்று ஒன்று உள்ளது. அது பறவையே.

குறிஞ்சித் திணையில் தினைப்புனம் காக்கும் மகள் ஓட்டுவது கிளியை. 'கிளிகடிதல்' என்பதே அத்தொழிலின் பெயர். தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு குறிப்பிடுகிறது. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலம் வரை இம்மரபு தொடர்கிறது. நாடக மேடையிலும் வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டுகிறாள்.

கொக்கோ தானியம் உண்ணும் பறவை அன்று. மீன், தவளை, புழு, பூச்சி ஆகியவையே அதன் இரை. அது வயலுக்கும் நீர்நிலைக்கும் உரியது, மருதத்தின் பறவை. தினைக்கு அதனால் கேடில்லை; மலைச்சாரல் புனத்தில் அதனை ஓட்ட வேண்டிய தேவையுமில்லை. திருக்குற்றாலக் குறவஞ்சி போன்ற நூல்களில் நீர்ப்பறவைகள் வந்திறங்கும் காட்சி உண்டு. ஆயின் அங்கு அவை வயலில் இறங்குகின்றன. சிங்கன் அவற்றைப் பிடிக்க முயல்கிறான். புனங்காவலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அவ்வாறாயின் கொக்கு தினைப்புனத்திற்கு வந்தது ஏன்? அதன் நிறத்தால் வந்தது. பச்சைக் கிளி செய்ய இயலாத வேலையை வெள்ளைக் கொக்கு செய்தது. மற்றொரு காரணமும் உண்டு. தமிழ் மரபில் கொக்கு காத்திருந்து கவரும் பறவை. திருக்குறள் (490) காலம் பார்த்திருப்பதற்கும், மூதுரை அடங்கியிருந்து தகுந்தது வந்தபோது கவ்வுவதற்கும் கொக்கினை உவமையாக்கின. வாணிகராய் வந்து அடங்கியிருந்து நாட்டைக் கவர்ந்தோர்க்கு இதனினும் பொருத்தமான பறவை வேறில்லை.

இந்தத் திணைமயக்கம் ஆசிரியச் சிக்கலுக்கு ஒளி தருகிறது. புராணக் கதையைப் பாட முனைந்த ஒருவர் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் பறவை கொக்கு அன்று. அரசியல் பொருள் முதலில் கருதப்பட்டு, அதற்குரிய பறவை தேடப்பட்டு, அதன்பின் புனக்காட்சியில் பாட்டுப் பொருத்தப்பட்டுள்ளது. இது திட்டமிட்ட புலமைச் செயல். எழுதுவோனின் கை இதில் தெரிகிறது. அதேவேளையில், அந்தப் பாட்டு எந்தக் காட்சியில் எந்தக் கணத்தில் பாடப்பட்டால் அவையோர் புரிந்துகொள்வர் என்பதை அறிந்தது மேடையில் நின்றவனின் செவி. புனத்தை நோக்கிப் பறவையோட்டும் பாவனையோடு பாடும்போதுதான் பாட்டு முழுப்பொருள் பெறுகிறது. தாளில் மட்டும் படித்தால் அது பாதிப் பாட்டே.

நிலைபேற்றின் காரணங்கள்

வெள்ளையர் ஆட்சி 1947இல் முடிந்தது. எதிரி இல்லாதபோது எதிர்ப்புப் பாட்டு மறைவது இயல்பு. அக்காலத் தேசியப் பாட்டுகள் மிகப் பல இன்று நூலகத் தொகுப்புகளில் மட்டும் உள்ளன. நிகழ்வுகளையும் தலைவர்களையும் நேரடியாகப் பாடிய பாட்டுகள் அந்நிகழ்வுகளோடு முதுமையடைந்தன. கொக்குப் பாட்டு முதுமையடையவில்லை. காரணங்கள் மூன்று.

ஒன்று, அதன் அணி. கருதிய பொருளை மறைத்து அதற்கு ஒத்த பிறிதொன்றைக் கூறுவதைத் தண்டியலங்காரம் ஒட்டணி என்கிறது. 'நுவலா நுவற்சி' என்பது அதன் மறுபெயர்களுள் ஒன்று. சொல்லாமற் சொல்லும்போது பொருளை முடிப்பவர் கேட்பவர். கொட்டகையில் அமர்ந்திருந்த ஒவ்வொருவரும் கொக்கு யார் என்பதைத் தம் மனத்தில் தாமே சொல்லிக்கொண்டனர். அவ்வாறு சொல்லிக்கொண்ட பொருள் பிறர் சொல்லிக் கேட்ட பொருளினும் வலியது. காவலர் பதிவேட்டில் எழுதக்கூடியது ஒரு பறவையின் பெயர் மட்டுமே.

இரண்டு, அதன் காட்சி. வள்ளி திருமணம் தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் நடைபெறும் நாடகம். காட்சி வாழும்வரை அதில் ஏறிய பாட்டுக்கும் இடமுண்டு. தனித்து எழுதப்பட்ட பாட்டுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

மூன்று, அதன் விளி. இளம்பெண்ணை அழைத்துப் பறவையைக் காட்டும் அமைப்பு தாய்மார் குழந்தைக்குப் பறவை காட்டும் வழக்கோடு ஒன்றுவது. அரசியல் அறியாத சிறாரும் அதனைப் பாட இயலும். மேடையிலிருந்து வீட்டிற்குச் செல்லும் வழி இவ்வாறு திறந்தது.

மலைத்தோட்டங்களும் வாய்மொழி நினைவும்

அச்சும் இசைத்தட்டும் ஆசிரியரை மறைத்த வழிகள் மேலே கூறப்பட்டன. எஞ்சிய வழி வாய்மொழி. அதனை ஆராய்வதற்குரிய களங்களுள் ஒன்று கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலப்பாறை, பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டங்கள்.

இத்தோட்டங்களில் கங்காணி முறையில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் பலர் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். விசுவநாததாசும் பாஸ்கரதாசும் இயங்கிய வட்டாரமும் அதுவே. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியே மலையேறும் பாதை அவர்களுக்கு ஊரோடு உறவைக் காத்துத் தந்தது. 1956 மாநிலச் சீரமைப்பில் பீர்மேடு, தேவிகுளம் வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. இதனால் மேடையும் அச்சும் இருந்த பக்கம் ஒரு மாநிலமாகவும், பாட்டைச் சுமந்து சென்ற மக்கள் வாழும் பக்கம் மற்றொரு மாநிலமாகவும் பிரிந்தன. தமிழ்நாட்டின் நாட்டுடைமையாக்கம், நினைவில்லம், பாடநூல் ஆகியவற்றின் வழியே உருவாகும் ஆசிரியர் நினைவு இங்குள்ள லயங்களை இயல்பாகச் சென்றடைவதில்லை. ஆகவே ஆசிரியர் பெயர் புகட்டப்படாத நாடகப் பாட்டு வடிவங்களைத் தேடுவோர் இங்குத் தேடுதல் தகும். முதியோர் நினைவிலுள்ள வள்ளி திருமணப் பாடல்களை, பாடியவர் சொல்லும் சூழலோடும் மெட்டோடும் பதிவு செய்யும் கள ஆய்வு காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ளப்பட வேண்டும். பாட வேறுபாடுகள் கிடைப்பின், எழுதிய வடிவம் எது, மேடை வளர்த்த வடிவம் எது என்பதைப் பிரித்தறிய அவை துணையாகும்.

முடிவுரை

ஆசிரியச் சிக்கலைத் தீர்ப்பது ஒரு பெயரை நீக்கி மற்றொரு பெயரை நாட்டுவதன்று. தொகுப்பாசிரியர்கள் இப்பாட்டைப் பாஸ்கரதாசின் பாடல் தொகுதியில் மட்டும் சேர்த்தால், சாதி இழிவையும் சிறையையும் தாங்கிப் பாடிய கலைஞரின் ஆக்கப்பங்கு 'பாடியவர்' என்ற ஒற்றைச் சொல்லில் ஒடுங்கிவிடும். விசுவநாததாசுக்கு மட்டும் உரியதாக்கினால், பெயர் குறிக்காது எழுதிக் கொடுத்த புலவரின் உழைப்பு மறைந்துவிடும். கிளியின் இடத்தில் கொக்கை வைத்தது புலமை. அக்கொக்கைப் புனத்தின் மேல் பறக்கவிட்டது நடிப்பு. அது யார் என்று அறிந்து சிரித்தது அவை.

ஆகவே நாடகமேடைப் பாட்டுகளைப் பதிப்பிக்குமிடத்துச் சொல் ஆக்கியவர், மெட்டின் மூலம், பாடிப் பரப்பியவர், பாடப்பட்ட காட்சி ஆகிய நான்கினையும் தனித்தனியே குறிக்கும் பதிப்புமுறை வேண்டும். சங்கப் பாட்டுக்குத் திணையும் துறையும் கூற்றும் குறித்த பண்டைத் தொகுப்பாசிரியர்கள், பாடினோர் பெயரோடு பாட்டின் சூழலையும் காத்துத் தந்தனர். சில பாட்டுகளில் புலவர் பெயர் கிட்டாதபோதும் துறைக்குறிப்பு நமக்குக் கிட்டியது. கொட்டகைப் பாட்டுக்கும் அவ்வளவேனும் செய்தல் தமிழாய்வாளர் கடன்.